மலை மேல் பள்ளி, மலையடியில் சோறு

யாத்திரையின் இன்பத்தில் ஒரு பாதி, புறப்படுவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்த ஊரில் இரவு தங்குவது, எந்த மலையில் காலையில் ஏறுவது என்று திட்டம் போடுகிற நாட்களில் கால் வலிப்பதில்லை; வெயில் சுடுவதில்லை; பஸ் தவறுவதில்லை. நான் இப்போது அந்தப் பாக்கியமான கட்டத்தில் இருக்கிறேன். பொங்கல் கழிந்ததும் புறப்படுவதாக உத்தேசம். கூடுவாஞ்சேரியில் தொடங்கி, கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் முடியும் 11 நாள் பிரயாணம். துறவிகள் குடியிருந்த பாறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே தெற்கு நோக்கிப் போகவேண்டும் என்பது ஆசை.

இந்த ஆசையைக் கிளப்பியது கிரீஸ் தேசம். அந்த நாட்டின் தெஸ்ஸாலிப் பகுதியில், கலம்பாக்கா என்ற ஊருக்கு மேலே, மெட்டெயோரா என்று ஒரு இடம் இருக்கிறது. 'ஆகாயத்தில் தொங்குவது' என்பது அந்தப் பெயரின் பொருளாம். சமவெளியிலிருந்து தூண் தூணாகச் செங்குத்தாய் எழும்பி நிற்கும் பாறைகள். அவற்றின் உச்சியில், பருந்து கூடு கட்டினாற்போல, கிறிஸ்தவ வைதிக சபையைச் சேர்ந்த மடங்கள். முதலில் தனித்தனித் துறவிகள் அங்கே குகைகளில் ஒண்டியிருந்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஆதோஸ் மலையிலிருந்து வந்த அத்தனாஸியோஸ் என்ற துறவி, அகன்ற பாறை ஒன்றின் தலையில் பெரிய மடத்தை நிறுவினார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக 24 மடங்கள் எழுந்தன. இன்றைக்கு உயிரோடு இருப்பவை 6. அவற்றில் இரண்டு, பெண் துறவியருடையவை.

அந்த மடங்களுக்கு வெகுகாலம் படிக்கட்டே கிடையாது. ஏணியை மேலிருந்து தொங்கவிடுவார்கள். இல்லாவிட்டால் கயிற்று வலை. அந்த வலைக்குள் மனிதனையோ கோதுமை மூட்டையையோ போட்டு, மேலே உள்ள துறவிகள் உருளையைச் சுற்றி இழுப்பார்கள். "இந்தக் கயிற்றை எப்போது மாற்றுவீர்கள்?" என்று நடுங்கிக்கொண்டே கேட்ட ஒரு பிரயாணிக்கு, "ஆண்டவன் சித்தப்படி அது அறும்போது" என்று பதில் வந்ததாக ஒரு கதை உண்டு. பாறையில் படி வெட்டியதெல்லாம் 1920களில்தான். 1988இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. இப்போது பஸ் பஸ்ஸாக ஜனங்கள் போகிறார்கள்.

என் சிநேகிதர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அந்த மடங்களைப் பார்க்கப் போகும் கோஷ்டி ஒன்றின் விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். படம் பார்க்க அற்புதமாயிருந்தது. கட்டணத்தைப் பார்த்தோம். அதுவும் ஆகாயத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"போகட்டும் ஐயா, நம் நாட்டில் பாறைக்கும் பஞ்சமில்லை, துறவிக்கும் பஞ்சமில்லையே!" என்றார் அவர், பெருமூச்சை விழுங்கிக்கொண்டு.

ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அத்தனாஸியோஸ் பிறப்பதற்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பே தமிழ்நாட்டு மலைகளில் துறவிகள் ஏறிவிட்டார்கள் என்பது சரித்திர உண்மை. அவர்கள் பெரும்பாலும் சமண முனிவர்கள். மலைச்சரிவில் இயற்கையாக அமைந்த குகைத்தளத்தைத் தேர்ந்தெடுத்து, தரையை மழுமழுப்பாகச் செதுக்கி, தலைமாட்டைச் சற்று உயர்த்திக் கற்படுக்கை செய்துகொடுத்தார்கள், அவர்களைப் போற்றியவர்கள். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டினார்கள். மேலே விழும் மழைநீர் அந்தக் காடியோடு வழிந்து வெளியே சொட்டிவிடும். உள்ளே படுத்திருப்பவர் நனையமாட்டார். மழைக்காலத்தில் புல்லும் பூச்சியும் பெருகும். நடந்தால் காலடியில் உயிர்கள் மடியும். ஆகையால் அந்த நான்கு மாதமும் ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்பது சமண முனிவரின் விரதம். காடியும் கற்படுக்கையும் அந்த விரதத்துக்காக ஏற்பட்டவை.

மறுநாளே காகிதத்தில் மலைகளின் பெயரை வரிசையாக எழுதிவிட்டேன். ஜாபிதா நீளமாக இருந்தது. என் மனைவி அதை வாங்கி, மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"மலை மலையா எழுதி வெச்சிருக்கீங்களே, சாப்பாடு எங்கேங்க?" என்றாள்.

சாதாரணக் கேள்வி. ஆனால் அதை வைத்துக்கொண்டு யோசிக்க யோசிக்க, மெட்டெயோராவுக்கும் நம் மலைகளுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

கிரேக்கத் துறவி மேலே போனால் மேலேயே இருக்கலாம். அவருடைய மடத்துக்கு நிலம் உண்டு, களஞ்சியம் உண்டு, கோதுமையும் எண்ணெயும் திராட்சை ரசமும் கயிற்றில் ஏறி வரும். கொள்ளைக்காரனும் படையெடுப்பும் மிகுந்திருந்த காலத்தில், ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் உலகம் துண்டிக்கப்பட்டுவிடும். அந்த உயரம் ஒரு கோட்டை.

நம் சமண முனிவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் சமைக்கக் கூடாது, சேமிக்கக் கூடாது, பொழுது சாய்ந்தபின் உண்ணக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரே வேளை, நின்றபடி, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி, இல்லறத்தார் இடுவதை உண்ணவேண்டும். திகம்பர முனிவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் உண்கிறார்கள். ஆகவே மலைமேல் ஏறியவர் மறுநாளே கீழே இறங்கத்தான் வேண்டும். காலையில் இறங்கி, ஊருக்குள் நடந்து, உண்டு, வெயில் ஏறுமுன் திரும்பக்கூடிய தூரத்தில்தான் அவருடைய குகை இருக்கமுடியும். கற்படுக்கை உள்ள மலைகள் எல்லாம் ஏதாவது ஒரு பழைய ஊரின் ஓரத்திலோ, வியாபாரிகள் நடமாடிய பெருவழியின் பக்கத்திலோ இருப்பதன் இரகசியம் இதுதான். கிரேக்கர்கள் பாறையின் உச்சியைப் பார்த்து இடம் தேர்ந்தார்கள். இவர்கள் அடிவாரத்தில் அடுப்புப் புகை தெரிகிறதா என்று பார்த்து இடம் தேர்ந்தார்கள்.

இதற்குப் பிறகு என்னுடைய ஜாபிதாவை அடியோடு மாற்றி எழுதினேன். மலைக்கு எதிரே, அதற்குச் சோறு போட்ட ஊர் எது என்று எழுதிக்கொண்டு வந்தேன். அந்தப் பட்டியலைத்தான் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதல் நாள் பிரயாணம் எங்கள் வட்டாரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கூடுவாஞ்சேரியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சுமார் 20 கிலோ மீட்டர் போனால் செங்கற்பட்டு. அதன் கிழக்கே கூப்பிடு தூரத்தில் வல்லம். அங்கே சிறு குன்றில் பல்லவர் காலத்துக் குடைவரைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைச் செய்வித்தவன், மகேந்திரவர்மனுக்கு அடங்கிய வயந்தப்பிரியரசனின் மகன் கந்தசேனன் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. இது மடம் அல்ல, சிவன் கோயில். ஆனாலும் பாறையைக் குடைந்து அதற்குள் தெய்வத்தையோ துறவையோ குடிவைக்கும் பழக்கத்துக்கு இங்கே அரிச்சுவடி படித்துக்கொள்ளலாம் என்பதால் முதல் நிறுத்தமாக வைத்திருக்கிறேன்.

அடுத்தது திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீசுவரர், சரிவில் ஒருகல் மண்டபம் என்ற பல்லவர் குடைவரை. இந்த மண்டபத்துச் சுவரில், 17ஆம் நூற்றாண்டில் கரையோரத்தில் வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் ஏறி வந்து தங்கள் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லைக் கண்டால் பெயர் வெட்டும் வியாதி நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்துகொள்ள அது ஒரு சான்று.

திருக்கழுக்குன்றம் என்றால் கழுகுகள் ஞாபகம் வராமல் இருக்குமா? உச்சிப்பொழுதில் இரண்டு பறவைகள் வரும்; பண்டாரம் சர்க்கரைப் பொங்கலை நீட்டுவார்; அவை பாறையில் அமர்ந்து தின்றுவிட்டுப் பறந்துபோகும். காசியில் குளித்து, இங்கே உண்டு, இராமேசுவரத்தில் உறங்கப் போகின்றன என்று ஜனங்கள் சொல்வார்கள். பறவை நூலார் அவற்றை மஞ்சள் முகப் பாறு என்பார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த அந்த விருந்து, 1990களோடு முடிந்துவிட்டது. பறவைகள் வரவில்லை. இந்தியா முழுவதுமே பிணந்தின்னிக் கழுகு இனங்கள் அந்தக் காலத்தில் மளமளவென்று குறைந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலிநிவாரண மருந்து ஒரு முக்கியக் காரணம் என்று கண்டு, 2006இல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை அரசாங்கம் தடை செய்தது. உச்சியில் உட்கார்ந்திருப்பவரின் கதி, அடிவாரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதற்கு அந்த வெறும் பாறையைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அங்கிருந்து மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் வழக்காடப்படும் அந்தப் பெரும்பாறையின் நீளம் 96 அடி, உயரம் 43 அடி. எலும்பும் நரம்புமாக ஒற்றைக் காலில் நிற்கும் தபசியை எல்லோரும் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது அவருக்குக் கீழே, யானையின் பக்கத்தில், அதே பாவனையில் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பூனைதான். அதன் காலடியில் எலிகள் கும்பிட்டுக்கொண்டு நிற்கின்றன. உண்மைத் தபசியையும் பொய்த் தபசியையும் ஒரே பாறையில், ஒரே உளியால் செதுக்கிய சிற்பி, சோறு இடும் ஜனங்களுக்கு எச்சரிக்கை செய்திருக்கிறான் என்றே எனக்குப் படுகிறது. யாருக்கு இடுகிறோம் என்று பார்த்து இடவேண்டுமல்லவா?

மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறை உச்சியில் நிற்கிறது ஒலக்கண்ணேசுவரர் கோயில். தினம் ஒரு உழக்கு எண்ணெய் விளக்குக்கு அளக்கப்பட்டதால் உழக்கெண்ணெய் ஈசுவரர் என்று பெயர் வந்து, நாவில் தேய்ந்து ஒலக்கண்ணேசுவரர் ஆயிற்று என்பார்கள். இப்போதுள்ள கலங்கரை விளக்கம் கட்டப்படும் முன், 19ஆம் நூற்றாண்டில், இந்தக் கோயிலின் உச்சியில்தான் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. உயரத்தில் இருக்கும் விளக்கானாலும், கீழேயிருந்து உழக்கு எண்ணெய் ஏறினால்தான் எரியும்.

இரண்டாம் நாள் உத்திரமேரூர் வழியாக வந்தவாசிப் பக்கம். இங்கேதான் யாத்திரையின் உண்மையான தொடக்கம். வேடல் என்ற ஊரில் ஒரு பாறைக்குன்றும், ஆண்டார் மடம் என்று வழங்கும் குகைகளும் இருக்கின்றன. பழைய பெயர் விடால். முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்று அறிஞர் கருதும், அதாவது 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. அதன் செய்தி எந்த நாவலாசிரியனையும் உட்கார வைத்துவிடும்.

விடாலில் கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவி இருந்தார். குரத்தி என்றால் பெண் குரு. குறிசொல்லும் குறத்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவருக்கு மாணாக்கர் 500 பேர். அதே இடத்தில் வேறு தவப்பெண்டிர் 400 பேர். இரு கூட்டத்துக்கும் பிணக்கு மூண்டது. துறவிகளாயிற்றே, சண்டை வருமா என்று கேட்காதீர்கள். தொள்ளாயிரம் பேர் ஒரே மலையடிவாரத்து ஊரை நம்பி வாழ்ந்தால், கோபம் வராமலிருப்பதற்குத்தான் தவவலிமை வேண்டும். சண்டையைவிட அதன் முடிவுதான் விசேஷம். ஊரிலிருந்த சமண இல்லறத்தார் கூடி, குரத்தியாரையும் அவருடைய 500 பேரையும் நாங்கள் காத்து உணவளிப்போம் என்று பொறுப்பேற்றுக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன், 500 பேர் படிக்கிற இடத்துக்கு ஒரு பெண் தலைவி. அவருக்குப் பக்கபலம் அரண்மனை அல்ல, ஊர். பள்ளி என்ற சொல்லுக்குப் படுக்கை என்று ஒரு பொருள். துறவியர் இருப்பிடம் என்று ஒரு பொருள். படிக்கும் இடம் என்று ஒரு பொருள். மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தை வேடல் பாறை ஞாபகப்படுத்துகிறது. மலைமேல் மடம் என்றால் ஊரைத் துறந்து ஓடிய இடம் என்று நினைக்கிறவர்கள் அந்தக் கல்வெட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

பக்கத்திலேயே தேசூருக்கு அருகில் சீயமங்கலம். மகேந்திரவர்மன் குடைவித்த சிவாலயம் ஒரு புறம். சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் கொண்ட பாறை மறு புறம். இரண்டுக்கும் ஒரே ஊர்தான் சோறு போட்டது.

மூன்றாம் நாள் போளூர் அருகே திருமலை. இராஜராஜனின் தமக்கை குந்தவையின் பெயரால் குந்தவை ஜினாலயம் இங்கே உண்டு. மலைச்சரிவில் 16 அடி உயரத்தில் நேமிநாதர் நிற்கிறார். ராஜேந்திர சோழனின் வெற்றிகளைக் கங்கைக் கரை வரையில் அடுக்கிச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டு இந்த மலையில் இருக்கிறது. சரித்திரப் பாடப் புத்தகங்கள் அந்த வெற்றிப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் கல்வெட்டு நிற்கவில்லை. அத்தனை தேசங்களையும் சொல்லி முடித்த பிறகு, எதற்காக இதை எழுதினோம் என்ற காரியத்துக்கு வருகிறது: நன்னப்பயன் என்ற வியாபாரியின் மனைவி சாமுண்டப்பை, இந்த மலைமேல் கோயிலில் விளக்கெரிக்கப் பொருள் கொடுத்தாள். அவ்வளவுதான். சக்கரவர்த்தியின் திக்விஜயம் முன்னுரை. ஒரு செட்டியார் வீட்டம்மாளின் விளக்குத்தான் விஷயம்!

நான்காம் நாள் செஞ்சிப் பக்கம் திருநாதர் குன்று. தனிப்பாறை ஒன்றின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்களையும், வரிசைக்குப் 12 பேராக, இரண்டு வரிசையில் செதுக்கியிருக்கிறார்கள். பாறை எல்லாம் சோற்றின் கதை சொல்லும் இந்த யாத்திரையில், இங்கே மட்டும் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த இடம் இது என்று ஒரு பழங்கல்வெட்டு சொல்கிறது. வட்டெழுத்து உருவாகிவந்த காலத்து எழுத்து. பிற்காலத்தில் இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோற்று இங்கேயே முடிந்தார். உடம்பு இனித் தவத்துக்கு உதவாது என்று கண்ட முனிவர், உணவைப் படிப்படியாக நிறுத்தி வடக்கிருக்கும் வழக்கம் அது. 57 நாள் கீழே இருந்த ஊர் என்ன செய்துகொண்டிருந்திருக்கும்? தினமும் இறங்கிவந்து கையேந்தியவர் இறங்கவில்லை. உலை வைத்த வீட்டுப் பெண்களின் கண் அந்தப் பாறைப் பக்கம் போகாமல் இருந்திருக்குமா? இந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் பதில் இல்லை.

அன்று மாலையே மேல்சித்தாமூர். இது மலைமேல் இல்லை. சமவெளியில் இருக்கும் ஜினகாஞ்சி மடம். தமிழ்ச் சமணர்களுக்குத் தலைமைப் பீடம் இன்றைக்கும் இதுதான். சமணம் தமிழ்நாட்டில் இறந்துபோன விஷயம் என்று நினைத்துக்கொண்டு குகைகளை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் இந்த ஊருக்கு ஒரு நடை வரவேண்டும். தமிழே தாய்மொழியாகக் கொண்ட சமணக் குடும்பங்கள், நம்மைப்போல் உழுது பயிரிட்டு, பொழுதோடு இரவு உணவை முடித்துக்கொண்டு, இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வாழ்கிறார்கள்.

ஐந்தாம் நாள் முழுவதும் தெற்கே பஸ் பிரயாணம். ஆறாம் நாள் புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல். தாமரைக் குளத்து ஓவியத்தை எல்லோரும் அறிவார்கள். நான் முக்கியமாகப் பார்க்க விரும்புவது அதே மலையின் மறு சரிவிலுள்ள ஏழடிப்பட்டம். மெட்டெயோராவுக்கு ஓரளவு ஈடு சொல்லக்கூடிய இடம் இதுதான். செங்குத்துப் பாறையின் ஓரத்தில் கால் வைக்க வெட்டிய படிகளால் அந்தப் பெயர் வந்தது. இப்போது கம்பி பிடித்துக்கொள்ளலாம்; அந்த நாளில் மனம்தான் பிடி. உள்ளே 17 கற்படுக்கைகள். அவற்றில் பெரியதன் ஓரத்தில் கிறிஸ்துவுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் தமிழ்-பிராமி எழுத்து. எருமி நாட்டில் பிறந்த காவுதி என்ற முனிவருக்காக, சிறுபோசில் என்ற ஊரைச் சேர்ந்த இளயர் செய்துகொடுத்த இருக்கை என்று அதைப் படித்திருக்கிறார்கள். எருமி நாடு மைசூர்ப் பக்கம் என்பது அறிஞர் கருத்து. வேறு தேசத்திலிருந்து நடந்து வந்த ஒருவருக்கு, உள்ளூர்க்காரன் ஒருவன் பாறையைத் தேய்த்துப் படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறான். விருந்தோம்பல் என்ற சொல்லுக்கு இதைவிட உறுதியான உதாரணம் கிடைக்குமா? இரண்டாயிரம் வருஷம் ஆகியும் படுக்கை கலையவில்லை.

ஏழாம், எட்டாம் நாட்கள் மதுரைக்கு. மதுரையைச் சுற்றி மாலை போட்டாற்போல் மலைகள். மாலையின் ஒவ்வொரு மணியிலும் ஒரு பள்ளி. மாங்குளம் மலைக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சுவல் கண்டார். அந்த எழுத்து பிராமி. ஆனால் மொழி தமிழ் என்று 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டினார். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அதில் இருப்பதை 1960களில் ஐராவதம் மகாதேவன் படித்தார். அரசனின் பெயர் கிடைத்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு அதைவிட அழகர்மலைக் கல்வெட்டில் மகிழ்ச்சி. அங்கே அரசர்கள் இல்லை. உப்பு வாணிகன் இருக்கிறான். கலப்பைக் கொழு விற்கும் வாணிகன் இருக்கிறான். துணி விற்கும் அறுவை வாணிகன் இருக்கிறான். சந்தையில் தராசு பிடித்த கைகளே மலையில் படுக்கை வெட்டப் பணம் கொடுத்திருக்கின்றன.

ஆனால் ஜனங்களின் ஞாபகம் விசித்திரமானது. முனிவர்களையும் வாணிகர்களையும் மறந்துவிட்டு, இந்தப் படுக்கைகளுக்கெல்லாம் பஞ்சபாண்டவர் படுக்கை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஐந்து பேருக்கு இத்தனை படுக்கையா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு வகையில் அதுவும் நன்மைதான். புனிதமான யாரோ படுத்த இடம் என்ற பயபக்தி மட்டும் மிஞ்சியதால், பல மலைகள் உளிக்கும் வெடிக்கும் தப்பின.

எல்லா மலைகளும் தப்பவில்லை. மதுரை மாவட்டத்துக் கிரானைட் குவாரிகளில் நடந்த கொள்ளை 2012இல் சந்தி சிரித்தது. இந்த விஷயத்துக்கு மதுரை வரை போகவேண்டியதுகூட இல்லை. எங்கள் கூடுவாஞ்சேரியிலேயே, ஜி.எஸ்.டி. சாலையில் ஜல்லி ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. மலையைப் பார்க்க நான் யாத்திரை புறப்படுமுன், மலைகளே துண்டு துண்டாக என் வீட்டைத் தாண்டி யாத்திரை போய்க்கொண்டிருக்கின்றன. அடுக்குமாடி வீட்டில் குடியிருக்க விரும்பும் நாம் ஜல்லி வேண்டாம் என்று சொல்லமுடியாது. எந்தப் பாறையை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது என்ற விவேகமாவது வேண்டாமா?

அந்த விவேகம் எங்கே இருக்கிறது என்பதற்கு மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி பதில் சொல்கிறது. தமிழ்-பிராமிக் கல்வெட்டும், சமணர் குகையும், பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரையும் கொண்ட ஊர் அது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய நிலப்பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று என்று செய்தி வந்தது. அக்கம்பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். உழவர்களும் பெண்களும் திரண்டு மதுரைக்கு ஊர்வலம் போனார்கள். சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

விடால் ஊரார் 9ஆம் நூற்றாண்டில் குரத்தியாரை நாங்கள் காப்போம் என்று கல்லில் வெட்டினார்கள். அரிட்டாபட்டியார் 21ஆம் நூற்றாண்டில் அதையே தெருவில் நின்று சொன்னார்கள். மலைமேல் இப்போது முனிவர் இல்லை. ஆனால் அடிவாரத்து ஊர் தன் பொறுப்பை விடவில்லை.

ஒன்பதாம் நாள் கழுகுமலை. திருக்கழுக்குன்றத்தில் வராத கழுகு இங்கே பெயரிலாவது இருக்கிறது. பாதியில் நின்றுபோன வெட்டுவான் கோயிலின் அழகைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்; இப்போது அவகாசமில்லை. அதே மலையில் பாறை முகம் முழுவதும் வரிசை வரிசையாகச் சமணத் திருமேனிகள், சுமார் 150. அவற்றின் கீழே செய்வித்தவர்களின் பெயர்கள். தச்சன் உண்டு, குயவன் உண்டு, கொல்லன் உண்டு. சித்தாந்தம் உரைக்கும் துறவிகளுக்குச் சோறு போட நிலம் விட்டவர்களும் உண்டு. குருமாரோடு குரத்திமாரும் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் திருச்சாரணத்துக் குரத்திகள்.

அந்தத் திருச்சாரணம்தான் பத்தாம் நாள் பார்க்கும் சிதறால் மலை. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், ரப்பரும் தென்னையும் சூழ்ந்த பசுமைக்கு மேலே எழும் பாறை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர் இங்கே பொன்னணி கொடுத்ததாகக் கல்வெட்டு. பிற்காலத்தில் பகவதி கோயிலாகி, இன்றும் பூஜை நடக்கிறது. தெற்கே திருச்சாரணம், நடுவே கழுகுமலை, வடக்கே விடால் என்று தமிழ்நாட்டின் நீளத்துக்கும் குரத்திமாரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில், வெறுங்காலால் நடந்து, வழியெல்லாம் ஊர்ப்பெண்கள் இட்ட பிடிசோற்றை நம்பி அவர்கள் போய்வந்த பாதை அது. பதினோராம் நாள் நாகர்கோவிலில் ரயில் ஏறினால், செங்கற்பட்டில் இறங்கிக்கொள்ளலாம்.

இதே வழியில் போக விரும்பும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். சித்திரை வெயிலில் போகாதீர்கள்; பாறை அடுப்பாகிவிடும். தை, மாசி உத்தமம். விடியற்காலையில் ஏறுங்கள். தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். காலி பாட்டிலைக் கையோடு திரும்பக் கொண்டுவாருங்கள். பெயரைச் செதுக்காதீர்கள், டச்சுக்காரர்கள் போதும். மிக முக்கியமாக, ஏறுவதற்கு முன் அடிவாரத்து ஊரில் ஒரு நாழிகை உட்காருங்கள். ஆடு மேய்க்கிறவரிடமும், இட்லிக் கடை ஆச்சியிடமும் வழி கேளுங்கள். மலைக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், ஆடி மாதத்தில் அங்கே என்ன படைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களிடமே வாங்கிச் சாப்பிடுங்கள்.

ஓட்டல் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்க் கற்படுக்கையில் உட்கார்ந்து தின்றுவிட்டு வருகிறவர்கள், மலையைப் பார்த்தவர்களே ஆகமாட்டார்கள். அந்தப் படுக்கையில் படுத்தவர் தினமும் எந்தப் படிகளில் இறங்கினாரோ, அந்தப் படிகள் எந்த வாசலில் போய் முடிந்தனவோ, அந்த வாசலில்தான் பாதிச் சரித்திரம் இருக்கிறது.